கால் சேறு பார்த்த சபை

காட்டு ஏரியின் கரையில் உடும்பு ஒன்று வழிகாட்டிச் சபை நடத்தி வந்தது. எந்தப் பாதையில் போகலாம், எங்கே கால் வைக்கக் கூடாது என்று கேட்டு வரும் மிருகங்களுக்கு அந்தச் சபை வழி சொல்லும். கேட்டவர்கள் நாவல் பழம் கொடுப்பார்கள்; உடும்பு அதிலிருந்து சபையாருக்குக் கூலி கொடுக்கும். சபையிலேயே கெட்டிக்காரி ஒரு முள்ளெலி. ஒரு சிட்டிகை மண்ணை மோந்து பார்த்தாலே, அந்த இடம் காலைத் தாங்குமா, உள்ளே இழுக்குமா என்று சொல்லிவிடும்.

ஒரு மழைக்காலத்தில் சபை கூடும் இடம் முழுகிப் போனது. அவரவர் வளையிலிருந்தே வேலை பார்க்கட்டும் என்றது உடும்பு. கிளி மண்ணைக் கொண்டு வரும், பதிலைக் கொண்டு போகும். வெள்ளம் வடிந்த பிறகும் அப்படியே நடந்தது. ஒரு வேலையும் கெடவில்லை.

முள்ளெலிக்கு ஒரு குட்டி இருந்தது. கரையின் ஈரத்தில் அதற்கு இருமல் நிற்கவே இல்லை. பல நாள் தூக்கம் கெட்ட முள்ளெலி, கடைசியில் குட்டியைக் கவ்விக்கொண்டு செம்மண் மேட்டுக்குக் குடிபோனது. பத்தே நாளில் இருமல் நின்றது. ஆனால் கூலி பாதிதான் வந்தது.

முள்ளெலி உடும்பிடம் போய்க் கேட்டது.

“ஐயா, வேலை அதேதானே?”

“அதேதாம்மா. குறையே சொல்ல மாட்டேன். ஆனா மேட்டுல வளை சும்மா கிடைக்குது. கரையில அப்படியா? கரைக்குக் கரைக் கூலி, மேட்டுக்கு மேட்டுக் கூலி. அதுதான் விதி.”

“என்கிட்ட வழி கேட்டவங்க பாதிப் பழமா கொடுத்தாங்க?”

“முழுசாத்தான் கொடுத்தாங்க. அது வேற.”

உடும்புப் பிடி என்றால் சும்மாவா? வாதாட முள்ளெலிக்குத் தெம்பில்லை. பாதிப் பழம் தனக்கே போதாது, குட்டிக்கு எதைக் கொடுப்பது?

யார் எங்கே குடியிருக்கிறார்கள் என்று பார்க்க உடும்பு ஒரு வழக்கம் வைத்திருந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி எல்லோரும் வந்து வாழையிலையில் காலடி பதிக்க வேண்டும். கறுப்புச் சேறு பதிந்தால் முழுக் கூலி. செம்மண் பதிந்தால் பாதி.

“இதுக்கா கவலைப்படுறே அக்கா?” என்றது கிளி. “சபையில பாதிப் பேர் மேட்டுலதான் இருக்காங்க. முந்தின நாளே கரைக்குப் போய் சேத்துல நின்னுட்டு, கறுப்புக் காலோட இலையை மிதிச்சுட்டு வர்றாங்க.”

முள்ளெலிக்குப் பொய் பிடிக்காது. ஆனால் குட்டி பசியில் அழுதது. அடுத்த பௌர்ணமிக்குக் குட்டியையும் கவ்விக்கொண்டு கரைக்குப் போனது. சேற்றில் நின்றது. ஈரம் பட்டதும் குட்டி மறுபடி இருமத் தொடங்கியது.

அன்றைக்குத்தான் யானைக் கூட்டத்துக்கு அவசரம் வந்தது. பின்னால் காட்டுத் தீ, முன்னால் உளைச்சேறு. கிளி உளை மண்ணோடு மேட்டுக்குப் பறந்தது. எல்லா வளையும் காலி. கிளி பதிலில்லாமல் திரும்பவே, யானைத் தலைவி மண்ணை வாங்கிக்கொண்டு தானே சபைக்கு ஓடி வந்தது. வழி சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் இலைக்கு முன்னால் வரிசையில் நின்றார்கள்.

“கொஞ்சம் பொறுங்கம்மா,” என்றது உடும்பு. “கால் பார்த்து முடியட்டும்.”

குட்டியின் இருமலைக் கேட்டபடி நின்ற முள்ளெலிக்கு அலுத்துப் போனது. வரிசையை விட்டு விலகி, ஏரித் தண்ணீரில் காலைக் கழுவியது.

“நான் மேட்டுலதான் இருக்கேன் ஐயா. இனிமே எனக்குச் சேறு வேண்டாம்.”

“அப்போ பாதிக் கூலிதாம்மா,” என்றது உடும்பு.

யானை அதன் முன்னால் மண்ணை நீட்டியது. “நீ எங்களுக்குச் சொல்லு தாயி. பழம் உனக்கே தர்றேன். மேட்டுலதானே இருக்கே? பாதி போதும்ல?”

முள்ளெலி மண்ணை மோந்து பார்த்தது. அதற்குக் கோபம்கூட வரவில்லை.

“போதும். உளையில பாதி தூரத்துக்கு வழி சொல்றேன்.”

யானை முழுப் பழத்தையும் எடுத்து வைத்தது. முள்ளெலி முழு வழியும் சொன்னது. கூட்டம் பிழைத்தது.

அதன்பின் வழி கேட்பவர்கள் நேரே மேட்டுக்குப் போனார்கள். முள்ளெலிக்குச் சந்தோஷப்படவும் தெம்பில்லை. குட்டி இருமாமல் தூங்குகிறதா என்று பார்த்துவிட்டுத் தானும் படுத்துக்கொண்டது. கரையில் உடும்பு மட்டும், கறுப்புக் காலடி பதிந்த இலைகளை அடுக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

செய்த வேலையைப் பார்க்காமல் நிற்கிற மண்ணைப் பார்த்துக் கூலி கொடுப்பவருக்கு, கடைசியில் அந்த மண்தான் மிஞ்சும்.