பதினோராவது கட்டம்

செய்யனேந்தல் நல்லதம்பியின் மகன் பூவலிங்கம் எனும் நான், அகவை எழுபத்தொன்று நிறைந்தவன், ஐந்தாம் வகுப்புக்குப் பின் அச்சுப் புத்தகங்களையே ஆசானாகக் கொண்டவன், என் குருவைப் பற்றி எழுதுகிறேன்.

குருவின் பெயர் இருளாயி. எங்கள் கண்மாயின் நீர்கட்டி. மடையைத் திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பங்கிடுவது அவர் தொழில். எழுத்தறியாதவர்.

மடைச்சுவர் பிளந்திருந்தது. அதைக் கட்ட அரசு நிதி வேண்டி, ஆண்டுக்கு ஒன்றாக ஏழு விண்ணப்பங்கள் வரைந்தேன். ஏழாவதும் திரும்பிய அன்று அந்தப் படிவத்தோடு கரைக்குச் சென்றேன்.

அவர் இடுப்பளவு நீரில் நின்று, வைக்கோலும் களிமண்ணும் பிசைந்து வெடிப்பில் அடைத்துக்கொண்டிருந்தார்.

"என் தமிழ்ல என்ன குறை, இருளாயி?"

"மறுபடியும் திரும்பி வந்துருச்சாக்கும்?" சிரித்தார். "அந்தத் தமிழை இந்த ஓட்டையில வச்சிருந்தாலாவது அடைஞ்சிருக்கும்யா."

"மேலக்குளத்துக்குக் கொடுத்துட்டாங்க. அவங்க மடை நம்மளதைவிடப் புதுசு!"

"என்ன எழுதுனீங்க? வாசிங்க, கேப்போம்."

வாசித்தேன். கண்மாயின் பரப்பு. கரையின் நீளம். பாசன நிலம். ஒவ்வொன்றுக்கும் தலையசைத்தார்.

பதினோராவது கட்டத்துக்கு வந்தேன்.

"இதுவரை ஏற்பட்ட உயிர்ச்சேதம்: இல்லை."

"'இல்லை'ன்னா எழுதுனீங்க?"

"உண்மை அதுதானே? நீதான் அடைச்சுக்கிட்டே இருக்கியே, தாயி."

அவர் கரையேறி வந்தார். எந்தக் கட்டம் என்று கேட்டார். காட்டினேன். சேற்றுவிரலை அதன்மேல் ஊன்றி எடுத்தார்.

"மேலக்குளத்துக்காரங்க இதுல ரெண்டுன்னு எழுதியிருப்பாங்க."

மீண்டும் நீரில் இறங்கினார்.

ஏட்டறிவில்லாதவளின் கேலி என்று எண்ணி நான் வீடு திரும்பினேன்.

ஐப்பசி இருபத்தெட்டாம் நாள் முற்பகலில், மழைக்கிடையே, மடை பெயர்ந்தது. அடைத்துக்கொண்டிருந்தவரையும் வெள்ளம் இழுத்துப் போனது. நீர் வடிந்தபின் மூன்று வயல் தள்ளிக் கிடைத்தார். கை வைக்கோலை விட்டிருக்கவில்லை.

எட்டாவது விண்ணப்பத்துக்கு நான் முன்னுரை எழுதவில்லை. எதுகை மோனை தேடவில்லை. பழைய படிவத்தையே பார்த்துப் படியெடுத்தேன். சேறு காய்ந்திருந்த கட்டத்தில் மட்டும் மாற்றி எழுதினேன்.

"ஒன்று. இருளாயி, நீர்கட்டி, வயது முப்பத்தெட்டு."

நிதி ஒதுக்கிய ஆணை எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தது, இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டு டிசம்பர் மாதம் பதினான்காம் நாள், திங்கட்கிழமை.