ஆயர் விட்ட விடுமுறை

சம்மனசுபுரத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று பக்கத்து ஊர்களில் சொல்வார்கள். அது அபாண்டம். அங்கே எல்லாருக்கும் மூளை உண்டு. கல்யாணப் பட்டுப்புடவை மாதிரி அதைப் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறார்கள். அன்றாடம் எடுத்துப் புழங்குவதில்லை, அவ்வளவுதான்.

அந்த ஊரில் புனித காவல்தூதர் ஆண்கள் நடுநிலைப் பள்ளி என்று ஒன்று இருந்தது. எட்டாம் வகுப்பு வரை, நூற்றுப் பன்னிரண்டு பையன்கள். ஒன்பதாவது படிக்க வேண்டுமானால் பதினான்கு கிலோமீட்டர் தள்ளி டவுனுக்குப் போக வேண்டும். காலையில் ஒரே ஒரு பஸ், அதுவும் பையன்களைக் கண்டால் நிற்காது. பாதிப் பேர் எட்டோடு படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு, கருவேலங்காட்டில் கரிமூட்டம் போடப் போய்விடுவார்கள். நன்றாகப் படிக்கிற பையன் கரி அப்பிய முகத்தோடு எதிரே வந்து தோத்திரம் சொல்லும்போதெல்லாம் தலைமையாசிரியர் அடைக்கலம் ஃபாதருக்கு வயிறு எரியும். ஒன்பதாம் வகுப்பு வேண்டுமென்று ஆறு வருடமாக ஆயர் இல்லத்துக்கு நடையாய் நடந்தார்.

கடைசியில் ஆயர் இறங்கி வந்தார். ஆனால் அதற்குள் யாரோ அவர் காதில் ஓதிவிட்டார்கள், அந்தப் பள்ளியில் பையன்கள் வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் இருக்கிறார்கள் என்று.

"வெள்ளிக்கிழமை நானே வந்து பார்க்கிறேன்" என்றார் ஆயர். "பையன்கள் இருந்தால் ஒன்பதாவது தருகிறேன். இல்லையென்றால் இருக்கிற எட்டையும் மூடிவிட்டு டவுன் பள்ளியோடு சேர்த்துவிடுவேன்."

அந்த வாரம் முழுக்கக் குருக்களுக்கு ஆயர் இல்லத்தில் தியானம். அடைக்கலம் ஃபாதர் போய்த்தான் ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை ஆயரோடு அவர் ஜீப்பிலேயே திரும்புவதாக ஏற்பாடு. கிளம்பும் முன் அறிவிப்புப் பலகையில் 'வரவிருக்கும் நிகழ்ச்சிகள்' என்று எழுதி ஒட்டினார். திங்கள் துப்புரவு. புதன் பேச்சுப் போட்டி. வியாழன் வரவேற்பு ஒத்திகை. வெள்ளி ஆயர் வருகை. பிறகு மூன்று வாத்தியார்களையும் கூப்பிட்டு நிற்க வைத்தார். கணக்கு வாத்தியார் வியாகுலம்தான் மூத்தவர். அடுத்தவர் தமிழ் வாத்தியார் தொம்மை. மூன்றாமவர் விளையாட்டு வாத்தியார் செங்கோல், அவருக்கு விசில் ஊதத் தெரியும்.

"நான் சொன்னதை மட்டும் செய்யுங்க. சொந்தமா எதுவும் யோசிக்க வேண்டாம்" என்றார் ஃபாதர்.

மூன்று பேருக்கும் மனசு லேசாகிவிட்டது.

திங்கட்கிழமைக்கு நேரே, 'வகுப்பறைகளில் ஒரு தூசு இருக்கக் கூடாது' என்று எழுதியிருந்தது. பெருக்கித் துடைத்து, ஒட்டடைக் கம்பால் ஓடு வரைக்கும் தட்டி முடித்தார்கள். அப்புறம் வியாகுலம் வாத்தியார் கணக்குப் போடச் சாக்பீஸை எடுத்தார். போர்டில் ஒரு கோடு இழுத்ததும் கீழே பொடி உதிர்ந்தது. அப்படியே நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து பள்ளியில் சாக்பீஸ் கிடையாது. வாத்தியார்கள் வெறும் விரலால் எழுதினார்கள். பையன்கள் உற்றுப் பார்த்து நோட்டில் எடுத்துக்கொண்டார்கள். தப்பாக எழுதினால் வாத்தியார் டஸ்டரால் அழித்துவிட்டு மறுபடி எழுதினார்.

புதன்கிழமை பேச்சுப் போட்டி. தலைப்பு 'மௌனத்தின் மேன்மை'. முதலில் வந்த பையன் பயத்தில் வாயைத் திறக்காமல் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு இறங்கினான். நடுவர்கள் மூன்று பேரும் அசந்துபோனார்கள்.

"தலைப்பை விட்டு ஒரு வார்த்தை வெளிய போகலையே" என்றார் தொம்மை.

இதைக் கேட்டபின் வந்த முப்பது பேரும் அப்படியே நின்றார்கள். ஒருவன் இருமினான், அவனுக்கு இரண்டு மதிப்பெண் போயிற்று. முதல் பரிசு எட்டாம் வகுப்பு அருளப்பனுக்கு. பொன்னுக்கு வீங்கி வந்து வீட்டில் படுத்திருந்த அவன் போட்டிக்கே வரவில்லை. அந்த அளவுக்கு மௌனமாக இருந்தவன் வேறு யாரும் இல்லை என்று தீர்ப்பு சொன்னார்கள்.

வியாழக்கிழமைதான் விஷயம் பெரிதானது. ஒத்திகைக்கு நேரே ஃபாதர் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தார். 'நாளை எப்படியோ அப்படியே இன்றும் நடக்க வேண்டும். ஒன்றையும் விடக் கூடாது.'

ஆயராக யாராவது நிற்க வேண்டுமே. கோயில் உபதேசியார் சந்தியாகுவைப் பிடித்தார்கள். ஆள் உயரம், நல்ல தாடி, நாலு பேர் முன்னால் கூச்சமும் கிடையாது. வெள்ளை அங்கி மாட்டி, சார்ட் அட்டையில் கூம்புத் தொப்பி செய்து தலையில் வைத்தார்கள். விரலில் ஒரு பித்தளை மோதிரம். "கையில செங்கோலுக்குப் பதில் ஒட்டடைக் கம்பைக் குடுப்போம்" என்றார் தொம்மை.

"என்னைத் தூக்கிக் குடுக்குறீகளா?" என்றார் விளையாட்டு வாத்தியார் செங்கோல், தன் பெயரைக் கேட்டு.

"உம்மைத் தூக்க முடியாதுய்யா, கம்புதான் லேசு" என்று வியாகுலம் சமாதானம் சொன்னார்.

பேண்டு முழங்கியது. வெள்ளிக்கிழமைக்கு வாங்கி வைத்திருந்த ரோஜா மாலையைப் போட்டார்கள். பொன்னாடையைப் போர்த்தினார்கள். நூற்றுப் பதினொரு பையன்களும் வரிசையில் வந்து, மோதிரத்தில் உதடு வைத்து முத்தி செய்தார்கள். மதியம் ஆயருக்கென்று வளர்த்த இரண்டு நாட்டுக்கோழிகளையும் அடித்துக் குழம்பு வைத்துப் பரிமாறினார்கள். உபதேசியார் இரண்டையும் முடித்தார். ஒன்றையும் விடக் கூடாது என்று எழுதியிருந்ததை அவரும் படித்திருந்தார்.

கடைசியாக ஆயர் உரை. எந்த ஆயரும் பள்ளிக்கு வந்தால் முடிக்கும்போது மறுநாள் விடுமுறை அறிவித்துவிட்டுப் போவது வழக்கம். பையன்கள் அதற்குத்தான் இரண்டு மணி நேரம் வெயிலில் நிற்பதே. உபதேசியாரும் ஒட்டடைக் கம்பை ஊன்றி, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்.

"பிள்ளைகளே, உங்கள் ஒழுக்கத்தை மெச்சி நாளை ஒரு நாள் விடுமுறை விடுகிறேன்."

சம்மனசுபுரத்தில் அப்படி ஒரு கைதட்டலை யாரும் கேட்டதில்லை. அது அடங்குவதற்குள் மைதானத்தில் ஒரு பையன் இல்லை.

நிகழ்ச்சி நிரலில் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது, 'ஆயர் விடைபெற்றுச் செல்லுதல்'. ஜீப் இல்லாததால் உபதேசியாரை நாலரை மணி பஸ்ஸில் ஏற்றினார்கள்.

"எங்க இறங்கணும்?" என்று கேட்டார் அவர்.

"ஆயர் எங்க போவாக? ஆயர் இல்லத்துக்குத்தான்" என்றார் தொம்மை. அட்டைத் தொப்பி பஸ் கூரையில் இடித்ததால் தலையைச் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, உபதேசியார் ஜன்னல் வழியாக ஊரை ஆசீர்வதித்தபடி போனார்.

மூவரும் திருப்தியாகத் திரும்பினார்கள். பள்ளி வாசலுக்கு வந்ததும் செங்கோல் சார் நின்றார்.

"ஏன் வாத்தியாரே, நாளைக்கு லீவுன்னா நாளைக்கு ஆயரை வரவேற்கப் பயலுக வருவானுகளா?"

"அதெப்படி வருவானுக, லீவாச்சே" என்றார் வியாகுலம்.

"பயலுக இல்லாட்டி ஸ்கூலை மூடிருவாகளே."

மூன்று பேரும் வேப்பமரத்தடியில் உட்கார்ந்தார்கள். தொம்மைதான் முதலில் பேசினார்.

"லீவை ரத்து பண்ணிருவோம்."

"ஆயர் விட்ட லீவை வாத்தியார் ரத்து பண்ணலாமா? திருச்சபையில அப்படி வழக்கம் உண்டா?" என்றார் வியாகுலம்.

"அது ஆயர் இல்லையே, நம்ம சந்தியாகுதானே."

வியாகுலம் வாத்தியாருக்கு முகம் கறுத்துவிட்டது. "அப்ப மோதிரத்தை முத்தி செஞ்சோமே, அது யாருக்கு? ரெண்டு கோழி செத்துச்சே, அது யாருக்கு? பேசுறதைப் பார்த்துப் பேசும்."

தொம்மை தலையைக் குனிந்துகொண்டார். பிறகு செங்கோல் சாருக்கு ஒரு யோசனை வந்தது. யோசிக்க வேண்டாம் என்று ஃபாதர் சொல்லியிருந்ததால் தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

"ஆயர் விட்டதை ஆயர்தான் ரத்து பண்ணணும். நாளைக்குத்தான் ஆயரே வர்றாகளே. வந்ததும் அவுக கையால லீவை ரத்து பண்ணச் சொல்லுவோம். அப்புறம் பயலுகளைக் கூட்டியாந்து அவுகளை வரவேற்போம்."

இவ்வளவு எளிய வழி இருக்கும்போது வீணாகக் கவலைப்பட்டோமே என்று மூன்று பேரும் வீட்டுக்குப் போனார்கள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு ஜீப் வந்தது. முன்னால் ஆயர். பின்னால் அடைக்கலம் ஃபாதரும் உபதேசியாரும். ஆயர் இல்லத்து வாசலில் உபதேசியார் நிற்பதைப் பார்த்த ஃபாதர், மெழுகுவர்த்தி வாங்க வந்தவர் போலிருக்கிறது என்று நினைத்து ஏற்றிக்கொண்டார். அட்டைத் தொப்பி அவர் மடியில் இருந்தது. அது எதற்கு என்று யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

பேண்டு இல்லை. மாலை இல்லை. காக்கா ஒன்று மட்டும் கத்தியது. ஃபாதர் ஓடிப்போய் ஆறாம் வகுப்பை எட்டிப் பார்த்தார், ஏழாம் வகுப்பை எட்டிப் பார்த்தார். ஒரு தூசு இல்லை. ஒரு பையனும் இல்லை. ஆறு வருடம் நடந்தவர் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பிள்ளைகள் எங்கே?" என்று கேட்டார் ஆயர்.

வியாகுலம் வாத்தியார் பணிவாக முன்னால் வந்தார். "ஆண்டகை, மொதல்ல நீங்க அந்த லீவை ரத்து பண்ணணும்."

"எந்த லீவு?"

"நேத்து நீங்க வந்து விட்டுட்டுப் போனீகளே."

"நேற்று நான் வரவேயில்லையே."

"வந்தீக ஆண்டகை. ரெண்டு கோழி சாப்பிட்டீக."

ஆயர் அடைக்கலம் ஃபாதரைத் திரும்பிப் பார்த்தார். ஃபாதர் தரையைப் பார்த்தார். "டிரைவர், வண்டியை எடுப்பா" என்று ஆயர் சொன்னபோதுதான் பள்ளிக்குப் பின்பக்கம் விசில் சத்தம் காதைக் கிழித்தது.

விஷயம் இதுதான். அந்த ஊரில் முள் இல்லாத மைதானம் பள்ளி மைதானம் ஒன்றுதான். லீவு விட்டால் பையன்கள் வேறெங்கே விளையாடுவார்கள்? மட்டையும் பந்துமாக மொத்தப் பள்ளியும் வந்திருந்தது. ஆனால் வாசலில் 'விடுமுறை நாட்களில் மாணவர்கள் உள்ளே வரக் கூடாது' என்று போர்டு இருக்கிறது. அதனால் செங்கோல் சார் காலை ஏழு மணியிலிருந்து உயிரைக் கொடுத்து அவர்களைத் தடுத்துக்கொண்டிருந்தார். பின்பக்க மதிலிலிருந்து ஒருவனை இறக்கிவிட்டால் அந்தப் பக்கம் பத்துப் பேர் ஏறினார்கள்.

ஆயர் போய்ப் பார்த்தார். மதில் நீளத்துக்கும் பையன்கள்.

"ஏன் சார், இவர்களை விரட்டுகிறீர்கள்?"

"வெளிய போகச் சொன்னா கேக்க மாட்டேங்குறானுக ஆண்டகை. லீவு நாள்லகூட ஸ்கூலுக்குள்ள வரணுமாம்" என்றார் செங்கோல் சார், மூச்சு வாங்க.

வியாகுலம் வாத்தியார் பதிவேட்டைக் கொண்டுவந்து மதிலடியிலேயே பெயர் வாசித்தார். மதில்மேல் உட்கார்ந்தபடியே ஒவ்வொருவனும் 'உள்ளேன் ஐயா' என்றான். நூற்றுப் பதினொரு பேர். பேச்சுப் போட்டியில் முதல் பரிசு வாங்கியவன் மட்டும் இல்லை.

ஆயருக்குக் கண் கலங்கிவிட்டது. "விடுமுறை நாளில் பள்ளிக்கூடத்துக்குள் வர மதிலேறும் பிள்ளைகளை நான் எங்கும் பார்த்ததில்லை. ஜூன் மாதம் ஒன்பதாம் வகுப்பைத் தொடங்குங்கள். நானே வந்து திறந்து வைக்கிறேன்" என்றார். அடைக்கலம் ஃபாதர் அழுதார். பையன்களும் மதிலிலிருந்து விழுந்து அழுதார்கள்.

கோடை முழுக்க ஃபாதர் அரசு அனுமதிக்காகச் சென்னைக்கு அலைய வேண்டியிருந்தது. போகுமுன் வாத்தியார்களிடம் படித்துப் படித்துச் சொன்னார்.

"ஒன்பதாம் வகுப்புக்கு எல்லாம் தயாரா இருக்கணும். நல்லா ஒத்திகை பாருங்க. ஆனா ஒத்திகையில லீவு மட்டும் விட்டுராதீங்க, ஒரு நாள்கூட."

ஜூன் மாதம் ஆயர் வந்தார். கத்தரிக்கோலை நீட்டினார்கள். ரிப்பனின் நடுவில் ஒரு முடிச்சு இருந்தது. அதை வெட்டிவிட்டு உள்ளே நுழைந்தார். புது பெஞ்சுகள், புது போர்டு. கடைசி பெஞ்சில் அருளப்பன் மட்டும் உட்கார்ந்திருந்தான்.

"மற்ற பிள்ளைகள் எங்கே?"

"பாஸாயிட்டானுக ஆண்டகை" என்றார் வியாகுலம் வாத்தியார். "ஏப்ரல்ல ஒத்திகை ஆரம்பிச்சோம். ஒரு நாள் லீவு விடலை. காலாண்டு, அரையாண்டு, முழு ஆண்டு எல்லாப் பரீட்சையும் வச்சாச்சு. ஒன்பதாவது முடிச்சவனுக்கு இங்க என்ன வேலைன்னு சர்டிபிகேட்டைக் குடுத்து, குரூப் போட்டோ எடுத்து அனுப்பிட்டோம். இவன் ஒருத்தன்தான் ஃபெயில். இந்தத் தடவை அம்மை போட்டு ஒத்திகைக்கு வரலை."

அடைக்கலம் ஃபாதர் போய் அருளப்பன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். இருக்கிற ஒன்பதாம் வகுப்பு அவ்வளவுதான்.

ஆயருக்கும் என்ன பேசுவதென்று தெரியவில்லை. தெரியாதபோது எல்லாரும் பழக்கத்தில் இருப்பதைத்தான் பேசுவார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"பிள்ளையே, உன் ஒழுக்கத்தை மெச்சி நாளை ஒரு நாள்…"

அவ்வளவுதான். அடைக்கலம் ஃபாதர் பெஞ்சைத் தாண்டிக் குதித்து, ஆயரின் வாயை இரண்டு கையாலும் பொத்திவிட்டார். ஆயரின் குல்லா தரையில் உருண்டது. எவ்வளவு திமிறியும் ஃபாதர் பிடியை விடவில்லை.

வியாகுலம் வாத்தியார் நிகழ்ச்சி நிரலை எடுத்து மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். கீழிருந்து மேலாக ஒருமுறை பார்த்தார். பிறகு தொம்மை வாத்தியாரின் காதோரம் குனிந்தார்.

"இதை நாம ஒத்திகையில விட்டுட்டோமே வாத்தியாரே."