ஆள்காட்டிக் குருவியின் வீடு

கரிசல்காட்டுப் பறவைகளைப் பற்றி, ஆடு மேய்ப்பவர்களின் பேச்சிலேயே புத்தகம் எழுதியவர் தவசிக்கண்ணு. அதை நூலகத்துக்கு எடுக்கலாமா என்று கூடிய குழுவின் தலைவர் பேராசிரியர் அருணகிரியார், ஒரு வரியில் விரலை ஊன்றினார்.

"'ஆள்காட்டிக் குருவி கூடு கட்டாது, மொட்டத் தரையிலதான் முட்டையிடும்.' யார் சொன்னது?"

"கிடை போடுற ராக்கப்பன் சொன்னாருய்யா. நானும் பார்த்தேன்."

"ஆட்டுக்காரன் பேச்சு சான்றாகுமா? நாளைக்கு அது முட்டையிடும் இடத்தை இந்த மேசைமேல் கொண்டுவந்து வையும். இல்லையென்றால் புத்தகம் குப்பைக்கு!"

மறுநாள் தவசிக்கண்ணு ஒரு தாம்பாளம் நிறையச் சரளைக்கல்லைக் கொண்டுவந்து வைத்தார். "இதுதான்யா அது குடியிருக்கிற இடம்."

குழுவினர் எட்டிப் பார்த்தார்கள். தலைவர் சும்மா இருப்பாரா? மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, புள்ளி விழுந்த இரண்டைப் பொறுக்கி உயர்த்திக் காட்டினார். "இதோ முட்டைகள்! எனக்கா தெரியாது?"

"மெதுவாத் தட்டிப் பாருங்கய்யா."

தட்டினார். டொக்கென்று கல் சத்தம் கேட்டது.

"முட்டையைத் தாய்கிட்டயே விட்டுட்டு வந்தேன்யா. படிச்ச உங்களுக்கே கல்லு முட்டையாத் தெரியுது. நரிக்கு முட்டை கல்லாத் தெரியாதா? அந்தத் தைரியத்துலதான் அது கூடு கட்டுறதில்ல."

குழுவே சிரித்துவிட்டது. அருணகிரியார் கற்களை வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். அந்த வரியில் ஓர் எழுத்துகூட அடிபடாமல் புத்தகம் தேர்வாயிற்று.