துளியின் ஓரம் கறுத்த கதை

கல்லும் நீரும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், எந்தத் துளியும் காயும்போது தன் ஓரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும். வெயில் குடிக்கக் குடிக்கத் துளி சிறுத்துக்கொண்டே வரும். அதன் மடியில் இருக்கும் மண்துகள்கள் எல்லாம் நடுவே கூடிவிடும். கடைசி ஈரம்வரை தாயும் பிள்ளைகளும் சேர்ந்தே இருப்பார்கள். சாவுதான், ஆனாலும் சேர்ந்த சாவு.

ஒருநாள் செம்மண் குளத்தில் ஊறிக்கிடந்த எருமை ஒன்று கரையேறி வாலைச் சுழற்றியது. இரண்டு துளிகள் பாறையில் போய் விழுந்தன. எருமைக்கென்ன, அது பாட்டுக்குப் போய்விட்டது. விழுந்தவர்கள் அக்கா தங்கை. மூத்தவள் குளத்தாயி, இளையவள் செங்காணி. இருவர் மடியிலும் நூறு நூறு பிள்ளைகள்.

வெயில் ஏறியது.

"நேரமாச்சு, ஓரத்த இழுத்துக்கடி" என்று சொல்லிவிட்டு அக்கா சுருங்கத் தொடங்கினாள். செங்காணியும் இழுத்தாள். உடனே ஓரத்தில் ஒரு குரல் வீறிட்டது. அவளுடைய கடைக்குட்டி குறுணி பாறையின் சொரசொரப்பில் சிக்கிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இழுக்காத! நீ போயிட்டா நான் காஞ்சிருவேன்."

"அக்கா, குறுணி மாட்டிக்கிட்டாளே!"

"எனக்கும் ஒருத்தன் மாட்டிக்கிட்டான். விட்டுட்டுத்தான் வந்தேன்" என்றாள் குளத்தாயி. அவள் குரல் உடைந்திருந்தது. "ஒண்ணுக்காகப் பாத்தா மத்ததுங்க கதி? வாடி."

செங்காணி கொஞ்சம் யோசித்தாள். பிறகு, "நான் வரலக்கா" என்றாள். விழுந்த இடத்திலேயே பாறையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

துளிக்கு ஓரம்தான் மெல்லிசு. வெயில் அங்கேதான் வேகமாகக் குடிக்கும். குறுணி "தண்ணி, தண்ணி" என்று அழ, தாய் தன் நடுவிலிருந்த நீரை ஓரத்துக்கு அனுப்பினாள். அனுப்ப அனுப்ப அது ஓரத்தில் வற்றிக்கொண்டே இருந்தது. ஓடுகிற நீர் சும்மா ஓடவில்லை, மடியில் இருந்த பிள்ளைகளையும் இழுத்துக்கொண்டு ஓடியது. பாதியில்தான் அது அவளுக்குப் புரிந்தது. நிறுத்தினால் குறுணி காய்ந்துவிடுவாள்.

"அம்மா, எங்கள எங்க அனுப்புற?"

"தங்கச்சி தனியா இருக்கா. பக்கத்துல போயி நில்லுங்க."

"நீ?"

"பின்னாலயே வாரேன்."

அவள் சொன்னது பொய்தான், ஆனால் அதைத் தப்பென்று நான் சொல்லமாட்டேன்.

உச்சிப்பொழுதில் எல்லாம் முடிந்தது. பிள்ளைகள் குறுணியைத் தொட்டுக்கொண்டு ஓரத்தைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். நடுவில் ஒருவர்கூட இல்லை. நூறு பெற்றவள் வெறும் மடியோடு அங்கே தனியாகக் காய்ந்துபோனாள். நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

குளத்தாயியிடம் இன்னும் ஒரு பொட்டு ஈரம் மிச்சமிருந்தது. அவள் கண்ணெதிரே காற்று வந்தது. அவள் விட்டுவந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனது. தங்கையின் வட்டத்தைப் பார்த்தாள். அங்கே ஒன்றுகூடக் குறையவில்லை.

அந்த நேரம் பார்த்து எருமை இரண்டாவது குளியல் முடித்துக் கரையேறி, மறுபடி வாலைச் சுழற்றியது. பாறையில் புதுத்துளிகள் விழுந்தன.

"இனிமே ஓரத்த யாரும் இழுக்காதீங்கடி" என்று அவற்றிடம் சொன்னாள் குளத்தாயி. சொன்னதும் அவளும் காய்ந்தாள்.

அன்று முதல்தான், சேற்றுநீரோ காப்பியோ, சிந்திய துளி காயும்போது ஓரம் கறுத்து நடு வெளுத்துப்போகிறது. கறுத்த ஓரத்தில் பிள்ளைகள் நிற்கிறார்கள். வெளுத்த நடு, தாய் இருந்த இடம்.