தேக்கிலை கையைச் சிவக்க வைப்பது ஏன்?

மரங்களுக்கு வாய் இருந்த காலம் அது. வாயோடு மானமும் இருந்தது. ஒரு மரத்தை வெட்ட வருகிறவன் முதலில் அதன்மேல் உள்ளங்கையை வைத்து, "உன்மேல் இன்னார் படுப்பார், இன்னார் உட்காருவார்" என்று சொல்ல வேண்டும். மனத்தில் ஒன்றை வைத்துக்கொண்டு வாயால் இன்னொன்றைச் சொன்னால், கையின் சூட்டிலேயே மரம் கண்டுபிடித்துவிடும். அது சம்மதிக்காவிட்டால் ஊரே திரண்டு வெட்டினாலும் கோடாலிதான் மழுங்கும்.

மலையடிவாரத்தில் ஒரு பெரிய தேக்கு நின்றது. பண்ணையார் அம்பலவாணருக்கு அதன்மேல் ஒரு கண். அவர் வீட்டில் ஆளுக்கொரு கட்டில் இருந்தது, விருந்தாளிக்கு ஒரு கட்டில் இருந்தது, கழற்றிப் போட்ட துணிக்குக்கூட ஒரு கட்டில் இருந்தது. போதாதென்று மாடியில் புதிதாக ஓர் அறை கட்டியிருந்தார். ஒரு நாள் தாமே வந்து தேக்கின்மேல் கை வைத்தார்.

"எனக்குத்தான். மாடியறைக்குச் செதுக்குவேலை செஞ்ச கட்டில் ஒண்ணு வேணும்."

"இருக்கிற கட்டிலில் எல்லாம் படுத்து முடித்துவிட்டீர்களா?" என்று கேட்டது தேக்கு.

அன்றைக்குப் பண்ணையாருக்குச் சோறு இறங்கவில்லை. ஆனால் மூளை வேலை செய்தது. அந்த மாதிரி ஆட்களுக்கு அது மட்டும் எப்போதும் நன்றாக வேலை செய்யும்.

அவருடைய பண்ணையில் காத்தான் என்று ஒருவன் வேலை பார்த்தான். அவன் மனைவி பூவாயி நிறைமாதமாக இருந்தாள். அவர்கள் குடிசை இருந்தது பள்ளத்தில். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் உள்ளே தரை ஊறிச் சேறாகிவிடும். பூவாயி முன்பு பெற்ற பிள்ளைகள் இரண்டும் அந்த ஈரத்தரையில்தான் விறைத்துப் போயின. இதையாவது காய்ந்த இடத்தில் பெற்றுப் போட வேண்டும். அவளுக்கு வேறு ஆசையே இல்லை.

பண்ணையார் காத்தானைக் கூப்பிட்டார். "உன் பொண்டாட்டிக்கு ஒரு கட்டில் செஞ்சு குடுக்கலாம்னு இருக்கேன்டா. நீயே போய் அந்தத் தேக்குகிட்ட கேளு. உனக்குன்னா அது மாட்டேன்னு சொல்லாது."

"எனக்கா சாமி?"

"உனக்குத்தான். ஒரு கிளை போதாதா உனக்கு? மிச்சத்தை நான் பாத்துக்கிறேன்."

காத்தான் ஓடினான். மரத்தின்மேல் அவன் கை வைத்தபோது அதில் பொய்யின் சூடே இல்லை. இருந்த பொய்யெல்லாம் ஊருக்குள்ளே உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தது.

"பூவாயிக்குப் பிள்ளை பொறக்கப் போவுது. தரையெல்லாம் ஈரம். அவ படுக்க ஒரு கட்டில் வேணும்" என்றான்.

தேக்கு அவன் கையின் சூட்டைச் சோதித்துப் பார்த்தது. பிறகு, "அவள் படுக்கட்டும். வெட்டிக்கொள் காத்தா" என்றது.

மரம் சாய்ந்தது. தச்சர்கள் வந்தார்கள். மாடியறைக்குக் கட்டில் ஆயிற்று, கூடத்துக்கு ஊஞ்சல் ஆயிற்று, வாசலில் பண்ணையார் சாய்ந்துகொள்ள நாற்காலி ஆயிற்று. மிஞ்சிய கட்டையில் செருப்பு வைக்க ஒரு பலகையும் ஆயிற்று. காத்தான் கொல்லைப்புறமாக வந்து நின்றான்.

"சாமி, பூவாயிக்கு ஒரு கட்டில்னு சொன்னீங்களே."

"உன் குடிசைக்குள்ள நீயே குனிஞ்சுதான் நுழையுற. கட்டில் எப்படிடா நுழையும்?" என்றார் பண்ணையார். "அதுவும் போக, நீயும் கட்டில்ல படுத்துட்டா ஊர்ல எனக்கு என்ன மரியாதை? அங்க சிராய் குவிஞ்சு கிடக்கு பாரு. அள்ளிட்டுப் போ, குளிர் காயலாம்."

காத்தான் அள்ளிக்கொண்டுதான் போனான். வேறு என்ன செய்வான்?

மழை பிடித்துக்கொண்டது. நனைந்த சிராய் பற்றவில்லை. பூவாயி அதே தரையில், அதே சேற்றில் பிள்ளை பெற்றாள். பெண் குழந்தை. ஒரு தரம் அழுதது, அதோடு சரி.

குழந்தையைப் புதைத்துவிட்டுத் திரும்பும் வழியில் காத்தான் வெட்டிய அடிக்கட்டையைக் கடந்தான். மழையில் அது தளிர்விட்டிருந்தது. அவனைக் கண்டதும் ஆசையாகக் கேட்டது:

"பூவாயி சுகமா, காத்தா? கட்டில் ஈரம் படாமல் இருக்கிறதா?"

காத்தான் அங்கேயே உட்கார்ந்துவிட்டான். நெஞ்சு வெடிக்க அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னான்.

"உன்னை வைத்து என்னை ஏமாற்றிவிட்டார்கள்" என்றது தேக்கு. "இனி யாரோடும் எனக்குப் பேச்சில்லை. என்னைத் தொடுகிற கையில் இந்தப் பிள்ளையின் ரத்தம் தெரியட்டும்."

அதன்பின் அது வாய் திறக்கவில்லை. செய்தி கேட்டு மற்ற மரங்களும் பேச்சை விட்டன. அதனால் மனிதர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பேசாத மரத்தைச் சம்மதித்த மரம் என்று வைத்துக்கொண்டார்கள்.

மாடியறைக்குப் பால் காய்ச்சிப் பண்ணையார் ஊருக்கு விருந்து வைத்தார். வாழையிலை போதவில்லை. பச்சை உடம்போடு இருந்த பூவாயியைத் தேக்கிலை பறித்து வர அனுப்பினார்கள். தளிர்களை விலக்கிப் பறித்ததில் அவை கசங்கின. அவள் உள்ளங்கை சிவந்துபோயிற்று. ஓடையில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள், போகவில்லை.

இலைக்கட்டை இறக்கும்போது பண்ணையார் பார்த்துவிட்டார். "கையில என்னடி ரத்தம்? நல்ல நாளும் அதுவுமா. அந்தப் பக்கமா போ" என்றார். சாப்பிட்டு, கையைக் கழுவிக்கொண்டு, மாடியேறிப் போய்ப் புதுக்கட்டிலில் படுத்தார். படுத்ததும் தூங்கிப்போனார்.

அந்த விருந்து நாள் தொட்டுத்தான் தேக்கின் தளிரைக் கசக்கினால் கை சிவக்கிறது. இலை பறிக்கிற கைதான் சிவக்கும். கட்டிலில் படுக்கிற கையில் இன்றுவரை ஒரு பொட்டுக்கூட ஒட்டியதில்லை.