மான்களின் சொந்தக் குரல்

தேக்கும் மூங்கிலும் நெருக்கியடித்து வளர்ந்த ஒரு காட்டில் புள்ளிமான் மந்தை ஒன்று மேய்ந்து வந்தது. மரங்களின் மேலே மந்திக் குரங்குகள் குடியிருந்தன. புலி தென்பட்டால் மந்திகள் "கெக்! கெக்!" என்று கத்தும், மான்கள் ஓடும். மந்திகள் தண்ணீர் குடிக்க இறங்கினால் மான்கள் மோப்பம் பிடித்துக் காவல் நிற்கும். இரு கூட்டத்துக்கும் அப்படி ஓர் உடன்பாடு.

ஒருநாள் மந்தைத் தலைவன் கவைக்கொம்பன் எல்லா மான்களையும் கூட்டியது.

"இன்று முதல் அந்த உடன்பாடு கிடையாது! நாம் எப்போது ஓட வேண்டும் என்பதைக் குரங்கா முடிவு செய்வது? ஒரு மான் காலைத் தட்டிக் கூவினால்தான் இனி இந்த மந்தை ஓடும்."

கிழ மான்கள் தலையாட்டின. துடுக்கி என்ற இளம் பெண்மானுக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதன் தங்கை இப்போதுதான் தள்ளாடாமல் நடக்கப் பழகியிருந்தது. கடைசி நொடியில் பாய்ந்து தப்பிக்க அந்தக் குட்டியால் முடியாது.

"காற்று நம் பக்கமிருந்து புலியின் பக்கம் வீசினால் உங்கள் மூக்கு என்ன செய்யும், தாத்தா?" என்று கவைக்கொம்பனைக் கேட்டது.

"போடி! போன கோடையில் மந்திக் குட்டிகள் விளையாட்டுக்குக் கத்தி, நம்மையெல்லாம் சேற்றில் இறக்கினவே, மறந்துவிட்டாயா? நமக்கு மானம்தான் பெரிது."

"மானம் அப்படியே இருக்கும் தாத்தா. அதைச் சுமக்க ஒரு மான்கூட இருக்காது!"

இளசுகள் கொல்லென்று சிரித்தன. கிழங்கள் முறைத்தன. சட்டம் என்னவோ நிறைவேறிவிட்டது.

மரக்கிளையிலிருந்து ஊகன் என்ற மந்தி எட்டிப் பார்த்தது. "என்ன துடுக்கி, இனி நாங்கள் கத்தினால் உங்களுக்குக் காது கேட்காதாமே?"

"எனக்குக் கேட்கும் அண்ணே. நீங்கள் பாட்டுக்குக் கத்துங்கள்."

சில நாள் கழித்து ஒரு பிற்பகல். "கெக்! கெக்!" என்று மந்திகள் அலறின. மான்களின் காதுகள் விறைத்தன. ஆனால் ஒன்றும் நகரவில்லை.

"மான் குரல் வரட்டும்!" என்றது கவைக்கொம்பன், பல்லைக் கடித்துக்கொண்டு.

புதர் ஓரத்தில் தங்கை தனியாக நின்றது. 'மான் குரல்தானே வேண்டும்?' துடுக்கி காலைத் தட்டி, "கீவ்!" என்று கூவியது.

மந்தை பறந்தது. தங்கையும் அதன் நடுவே தத்தித் தத்தி ஓடித் தப்பியது. புலி வெறும் புல்லின் மேல் போய் விழுந்தது.

ஆற்றங்கரைப் பாறையில் மூச்சு வாங்கிய கவைக்கொம்பன் மார்தட்டியது. "பார்த்தாயா? நம் மூக்கு! நம் குரல்! குரங்கு எதற்கு?"

"எந்த மூக்கு தாத்தா? எனக்கு வாடையும் வரவில்லை, புலியின் மீசைகூடத் தெரியவில்லை. ஊகன் அண்ணன் சொன்னதைத்தான் நம் குரலில் சொன்னேன்."

 கவைக்கொம்பன் மேய்வதில் மும்முரமாக இருப்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டது. அந்தப் பாறையில் புல்லே இல்லை.

மறுநாள் மரத்திலிருந்து "கெக்!" என்று ஒரு சத்தம். இரண்டாவது "கெக்!" வருவதற்குள் மந்தைக்கு முன்னால் ஓடிக்கொண்டிருந்தது யார் தெரியுமா, குழந்தைகளே? கவைக்கொம்பன்தான்!

நீதி: பிறரோடு கைகோப்பதால் யாருடைய உரிமையும் பறிபோவதில்லை, கைகோக்க மாட்டேன் என்னும் வீம்பே ஆபத்து.