தொந்திக்கு ஏற்ற ஜோடி

திண்டுக்கல் பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு கார் ஸ்டீரியோ கடை. அந்தக் கடையில் ஒரு சப் ஊஃபர் இருந்தது. பாட்டு ஓடும்போது நெஞ்சுக்குள் "தும் தும்" என்று இடிக்குமே, அந்தச் சத்தத்துக்கென்றே பிறந்த பெரிய ஸ்பீக்கர். ஆள் கொஞ்சம் அகலம். அதனால் கடையில் இருந்த மற்ற சாமான்கள் அதற்குத் தொந்தி என்று பெயர் வைத்திருந்தன.

உடம்புதான் அத்தனை பெரிசு, மனசு கடுகளவு. அப்படி ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் எங்கேயும் பார்த்திருக்க மாட்டீர்கள்.

பயத்துக்குக் காரணமும் இருந்தது. கொஞ்ச நாளைக்கு முன்னால் தொந்தியின் அண்ணனை ஒரு வேனிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து போட்டார்கள். உள்ளே கம்பிச்சுருள் கருகி, கடை முழுக்க ஒரே தீய்ந்த நாற்றம். "பவர் தாங்காம பொசுங்கிருச்சு" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அன்று சாயங்காலமே அண்ணன் காயலான் கடைக்குப் போய்விட்டது. இனிமேல் பவர் என்ற பேச்சே ஆகாது என்று தொந்தி அப்போதே முடிவு செய்துவிட்டது.

ஒரு சனிக்கிழமை காலையில் அமலோற்பவம் கடைக்கு வந்தாள். சொந்தமாக டூரிஸ்ட் வேன் வைத்து ஓட்டுகிறவள். அண்ணன் பொசுங்கியது அவளுடைய வண்டியில்தான்.

"பாய், இன்னிக்கு மத்தியானம் நர்சிங் காலேஜ் பிள்ளைங்க வண்டி பார்க்க வராளுங்க. கொடைக்கானல் ட்ரிப்பு. பிரேக் பிடிக்குமான்னு ஒருத்தியும் கேட்க மாட்டா, பாட்டு எப்பிடின்னுதான் கேப்பா. ஒரு நல்ல சப் ஊஃபர் எடுத்துப் போடுங்க" என்றாள்.

கடைக்காரர் சிக்கந்தர் பாய் தொந்தியைத் தூக்கி மேசைமேல் வைத்தார். "நல்ல பீசும்மா. ஆனா இதையும் பொசுக்கிக்கிட்டு வந்தா, இதுவும் காயலான் கடைதான். அப்புறம் நீயே பாடிக்கிட்டு வண்டி ஓட்ட வேண்டியதுதான்."

காயலான் கடை என்ற பேச்சு காதில் விழுந்ததுமே தொந்தி அண்ணனை நினைத்துக்கொண்டது.

அலமாரியில் இரண்டு ஆம்ப்ளிஃபயர்கள் இருந்தன. பாட்டுக்குப் பலம் ஏற்றி ஸ்பீக்கருக்கு அனுப்புவது அவற்றின் வேலை. ஒன்று மலையன். தூக்கினால் இடுப்புப் பிடித்துக்கொள்ளும். மற்றது சிட்டு. உள்ளங்கை அகலம், பளபளவென்று இருக்கும், பாசக்காரப் பயல். யார் எதைக் கேட்டாலும் "இதோ தர்றேன்" என்பான். முடியாது என்ற சொல் அவன் வாயில் வந்ததே இல்லை.

"இந்த ஸ்பீக்கர் விடாம நின்னு தாங்குறது முந்நூறு வாட்ஸு. அதே அளவு நின்னு கொடுக்குற ஆளைத்தான் இதுக்குச் சேர்க்கணும்" என்று சொல்லிக்கொண்டே பாய் மலையனின் வயரை மாட்டினார்.

தொந்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு விறைத்து நின்றது. பாட்டு போட்டதும் ஏதோ சளி பிடித்தவன் முனகுவதுபோல ஒரு சத்தம் வந்தது.

"தம்பி, நான் இன்னும் உன்னைத் தொடவே இல்லையே!" என்றது மலையன்.

"தொடாதீங்கண்ணே! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!" என்று கெஞ்சியது தொந்தி.

அடுத்து சிட்டுவை மாட்டினார்கள். "பயப்படாதண்ணே, நான் சின்னப் பையன். என்னால உன்னை என்ன செய்ய முடியும்?" என்று சிட்டு கொஞ்சியது. தொந்திக்கு உயிர் வந்தது. அந்தச் சின்னக் கடைக்குள், அந்தச் சின்னச் சத்தத்தில், அழகாகவே பாடியது.

"இதுதான் பாய்! சின்னதுன்னா பொசுங்குற வேலையே இல்லை" என்றாள் அமலோற்பவம்.

"அட, உன் வேனுக்கு இவன் எந்த மூலைக்கு?"

"பத்தலைன்னா திருகி விட்டுக்கிறேன், நீங்க மாட்டுங்க."

ஆம்ப்ளிஃபயரில் கெயின் என்று ஒரு திருகு இருக்கும். சத்தத்தைக் கூட்டுவதற்கு அல்ல அது, வருகிற பாட்டுக்குத் தக்கபடி ஆம்ப்ளிஃபயரை ஒரு தடவை சரிசெய்து விடுவதற்கு. ஆனால் நம் ஊரில் யார் கேட்கிறார்கள்? திருகு என்று ஒன்று இருந்தால் கடைசி வரைக்கும் திருகித்தான் பார்ப்போம்! பாய் தலையில் அடித்துக்கொண்டு மாட்டிவிட்டார்.

மத்தியானம் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். கடைக்கு எதிரிலேயே வேன் நின்றது. பக்கத்தில் போட்டிக்கு இன்னொரு வேன். கனிஷ்கா என்கிற பெண்தான் அந்தக் கூட்டத்துக்குத் தலைவி. ஏறியதுமே, "அக்கா, ஒரு குத்துப் பாட்டு விடுங்க!" என்றாள்.

அமலோற்பவம் பாட்டைப் போட்டாள்.

"அக்கா, பேஸே வரலை! தும்முன்னு இடிக்கவே இல்லை!"

அமலோற்பவம் கெயினைத் திருகினாள்.

"இன்னும் அக்கா!"

இன்னும் திருகினாள். முடிகிற இடம் வரைக்கும் திருகினாள்.

பாட்டின் அலை உயர எழும்பி, வளைந்து, இறங்க வேண்டும். சிட்டுவின் கை அவ்வளவு உயரம் எட்டவில்லை. எட்டாத இடத்தில் அலையின் தலையை வெட்டித் தட்டையாக்கி அனுப்பியது. அந்த மொட்டை அலைகள் தொந்தியின் சுருளைப் போட்டுச் சுட்டன.

"ஐயோ! என்னடா சிட்டு, சுடுற?"

"நான் எங்கண்ணே சுடுறேன்? எங்கிட்ட இருக்கிறதையெல்லாம் உனக்குத்தானே தர்றேன்! அக்கா இன்னும் கேக்குறாங்க, இல்லாததையும் எப்படியாவது தரத்தானே பாக்குறேன்!"

லேசாகத் தீய்ந்த வாடை வந்தது. தொந்திக்கு அந்த வாடை தெரியும். அண்ணன்மேல் அடித்த அதே வாடை.

வேனின் கதவுகளில் இரண்டு பழைய ஸ்பீக்கர்கள் இருந்தன, அக்கா தங்கச்சி. அண்ணன் செத்ததை நேரில் பார்த்தவர்கள். "ஏ தொந்தி, உங்க அண்ணனுக்கும் இப்படி ஒரு சின்னப் பையனைத்தான் ஜோடி சேர்த்தாங்க. பவர் கூடிப்போய் சாகலைடா அவன். பத்தாமத்தான் செத்தான்!" என்று அக்கா ஸ்பீக்கர் கத்தியது.

தொந்திக்கு அப்போதுதான் புரிந்தது. இத்தனை நாளும் யாரைப் பார்த்துப் பயந்தோம், யாரைக் கட்டிப் பிடித்துக்கொண்டோம்!

"டேய் சிட்டு, முடியாதுன்னு சொல்லுடா!"

"எனக்குச் சொல்ல வராதேண்ணே!"

"தர்றேன் தர்றேன்னே என்னைக் கொன்னுருவடா! ஒரே ஒரு தடவை சொல்லுடா, தங்கம்!"

சிட்டு அழுதது. பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு, பிறந்ததிலிருந்து செய்யாத ஒரு காரியத்தைச் செய்தது. "முடியாது!" என்று கத்திவிட்டு, சூடு மீறினால் எரிகிற சிவப்பு விளக்கைப் போட்டு நின்றுவிட்டது.

பாட்டு நின்றது. பக்கத்து வேன் டிரைவர் வாய்விட்டுச் சிரித்தான்.

"அக்கா, நாங்க அந்த வண்டியப் பார்த்துட்டு வர்றோம். அதுக்குள்ள சரி பண்ணிருங்க" என்று கனிஷ்கா பிள்ளைகளை இறக்கிக்கொண்டு போனாள்.

அமலோற்பவம் சிட்டுவைத் தொட்டாள். தோசைக்கல்லாகக் கொதித்தது. தொந்தியை மோந்து பார்த்தாள். அவளுக்குப் பொட்டில் அடித்ததுபோல் விளங்கியது. "பாய்! அந்தப் பெரியவனைத் தூக்கிட்டு ஓடியாங்க! தப்பு என்னோடது!"

பாய் மலையனைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். பேட்டரியிலிருந்து தடித்த வயர் இழுத்தார். கெயினை அளவோடு வைத்தார். சிட்டுவின் சூடு ஆறியதும் கதவு ஸ்பீக்கர்களுக்கு மாட்டிவிட்டு, "இவன் பலத்துக்கு இவளுகதான் சரி" என்றார்.

"வாடா ராசா, எங்களுக்கு இது போதும்" என்று அக்காவும் தங்கச்சியும் சிட்டுவைச் சேர்த்துக்கொண்டார்கள்.

தொந்தி கண்ணை இறுக மூடிக்கொண்டது. "அண்ணே, இப்பவும் பயமாத்தான் இருக்கு. ஆனா நான் விறைக்க மாட்டேன்."

"பாட்டு எவ்வளவு கேக்குதோ அவ்வளவுதான் உனக்கு வரும் தம்பி. மிச்சம் என்கிட்ட சும்மா கிடக்கும். வாயைத் திற" என்றது மலையன்.

தொந்தி வாயைத் திறந்தது.

தும்ம்ம்!

வேனின் தரை அதிர்ந்தது. டேஷ்போர்டில் இருந்த மாதா சொரூபம் குலுங்கியது. எதிர்க் கடையில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை அப்படியே நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். அலை முழுசாக எழும்பியது, முழுசாக வளைந்தது, முழுசாக இறங்கியது. துளி சூடு இல்லை. மேலே சிட்டுவும் கதவு ஸ்பீக்கர்களும் குரலைத் தூக்க, கீழே தொந்தி இடியாக இடித்தது.

பக்கத்து வேனுக்குள் இருந்த பிள்ளைகள் ஒருத்தி விடாமல் இறங்கி ஓடி வந்தார்கள். கனிஷ்கா படியில் கால் வைத்ததும் ஆடத் தொடங்கிவிட்டாள். "அக்கா, இந்த வண்டிதான்! வேற பேச்சே இல்லை!"

அமலோற்பவம் ஹாரனை அடித்து ஆர்ப்பாட்டம் பண்ணினாள். பாய்கூடக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இரண்டு ஆட்டம் போட்டார். பக்கத்து வேன் டிரைவர் தலையைச் சொறிந்துகொண்டு வந்து, "பாய், எனக்கும் இதே மாதிரி ஒண்ணு..." என்று இழுத்தான்.

"வலிக்குதாடா தம்பி?" என்று கேட்டது மலையன்.

தொந்திக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "இன்னும் குடுங்கண்ணே!"